பி பக்கம்

லீலாபாயின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அருமைநாயகம் ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

நினைவு மலரை மகள் பெனிட்டாதான் எழுதினாள். எட்டுப் பக்கம். திருச்சியில் கல்லூரிப் பேராசிரியை, எழுத்துக்குக் கேட்பானேன். பிறப்பு, ஞானஸ்நானம், பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம், பாட்டில் வாங்கிய முதல் பரிசு என்று எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில் வந்தது அந்த வரி: ‘கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்த பதினோரு ஆண்டுகளும் அம்மா மாமியார் வீட்டில் தனியே விடப்பட்டார்கள்.’

“இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரு மக்களே” என்றார்.

“ஏன், பொய்யா?”

“பொய்தான். நான் கூப்பிட்டேன். ஃபேமிலி விசா எடுத்து வச்சிட்டுக் கூப்பிட்டேன். அவதான் வரமாட்டேன்னுட்டா.”

“அம்மா போய்ச் சேந்த பிறகு அம்மா சொன்னதா நீங்க சொல்லுதீங்க. நல்ல சாட்சிப்பா.”

எழுபத்தொன்பது வயதில் ஒரு மனிதனுக்குப் பெரிதாக ஆசைகள் இருப்பதில்லை. ஊருக்கு முன்னால், அதுவும் அச்சில், பெண்டாட்டியை அனாதையாய் விட்டவன் என்று பெயர் எடுக்கக் கூடாது என்பது அருமைநாயகத்தின் ஆசை. இருநூறு பிரதி. ஆலய வாசலில் நின்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். வீட்டில் போய்ப் படிப்பார்கள். படித்துவிட்டு, “அதானே பாத்தேன்” என்பார்கள்.

“சாட்சி இருக்குட்டி” என்றார். “உங்க அம்மை வாயாலயே சொன்னது இருக்கு.”

தையல் மிஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது அந்த கேசட். தொண்ணூறு நிமிஷ ஜப்பான் கேசட். பதினோரு வருஷமும் மஸ்கட்டுக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் போய்வந்தது அது ஒன்றுதான். அப்போதெல்லாம் வளைகுடாவில் இருந்தவன் கடிதம் எழுதமாட்டான், பேசி அனுப்புவான். ஊருக்குப் போகிறவன் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவான். மற்ற வீடுகளில் பெட்டி நிறைய சேர்த்து வைத்தார்கள். அருமைநாயகத்தின் அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. “அதுலதான் இடம் இருக்கே, எதுக்குப் புதுசு? பழசு மேல பேசு” என்றுவிட்டாள்.

ஏ பக்கம் வீட்டுக்காரர்களுக்கு. பி பக்கம் அவருக்கு. இது யாரும் எழுதி வைக்காத சட்டம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, டேப் ரிக்கார்டரை நடுவீட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஏ பக்கத்தில் எல்லோரும் பேசுவார்கள். மஸ்கட்டில் அவர் அதைக் கேட்பார். கேட்டு முடித்ததும் திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கி, பி பக்கத்தில் தன் பதிலைப் பேசுவார். நாற்பத்தைந்து நிமிஷமும் பேசுவார். கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை. விஷயம் தீர்ந்துபோனால் வெயில், அதுவும் தீர்ந்தால் வெங்காய விலை. ஊருக்குத் திரும்பி வந்த கேசட்டில் மறுபடியும் பழைய பேச்சின் மேல் புதுப் பேச்சு ஏறும்.

ஆக, லீலாபாய் ‘வரமாட்டேன்’ என்று சொன்ன எண்பத்தொன்பதாம் வருஷத்துப் பேச்சு, அதற்குப் பிறகு வந்த பதினெட்டுப் பேச்சுகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

முன்பு என்றால் அதோடு கதை முடிந்திருக்கும். இப்போது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்திலேயே உரிப்பு மிஷின் வந்துவிட்டது.

*

கடையை நடத்தியவள் இசக்கியம்மாள். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பாள்.

“அழிச்சா அழிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம் சார். அழியல. நாடாவோட ஓரத்துல ஒரு மயிரிழை அளவு மிச்சம் இருக்கும். வெள்ளையடிச்ச சுவர்ல பழைய சுண்ணாம்பு இருக்குல்லா, அது மாதிரி. ஒவ்வொரு பூச்சா உரிச்சு, சுத்தம் பண்ணி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, சிடியா குடுத்துருவோம்.”

“சிடியா? அதெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா?”

“அதுக்குத்தான் சிடி. போன்ல குடுத்தா சாயங்காலத்துக்குள்ள தென்காசி வரைக்கும் போயிருமே.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மிஷின் வந்த முதல் வருஷம் ஜில்லாவே அல்லோலகல்லோலப்பட்டது. கல்யாணப் பாட்டுக்கு அடியில் சீர்வரிசைச் சண்டை கிடந்தது. காலமான ஒரு போதகரின் பிரசங்க கேசட்டை உரித்ததில், அவரே ரசித்துப் பாடிய சினிமாப் பாட்டு பதினான்கு கிடைத்தது. சொத்துத் தகராறில் ஒருவர் தன் அப்பாவின் குரலைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக, எதிர்த்தரப்பு அதே நாடாவில் இன்னும் இரண்டு அடுக்கு உரித்து, அதே அப்பா மாற்றிச் சொன்னதைப் போட்டுக் காட்டியது. அதன் பிறகுதான் அழிபதிவுச் சட்டம் வந்தது. அடியில் கிடக்கும் பேச்சைக் கடைக்குள் உட்கார்ந்து கேட்கலாம். வெளியே கொண்டுபோக வேண்டுமானால், அடுக்குக்கு ஒரு படிவம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேசியவர் உயிரோடு இருந்தால் அவர் போடவேண்டும். இல்லையென்றால் அழித்தவர்.

“எனக்கு ஏ பக்கம் மட்டும் போதும்மா” என்றார் அருமைநாயகம். “அதுல பதினாறாவது.”

“மிஷினுக்கு ஏ, பி எல்லாம் தெரியாது சார். ஒரே நாடாதானே, முழு அகலத்தையும் சேத்துத்தான் வாசிக்கும். வியாழக்கிழமை வாங்க.”

வியாழக்கிழமை பெனிட்டாவையும் இழுத்துக்கொண்டு போனார். மலரின் படியும் சிவப்புப் பேனாவும் அவள் கைப்பையில் இருந்தன.

ஏ பக்கம், பதினாறாம் அடுக்கு. முதலில் அவர் அம்மாவின் ஜெபம். நான்கு நிமிஷம் ஓடியது. அதில் அரபு தேசத்து ராஜாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பிறகு ஆறு வயது பெனிட்டா ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் ஒப்பித்தாள். ஐம்பது வயது பெனிட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லீலாபாய்.

“அத்தான், விசா கிடைச்சது ரொம்ப சந்தோஷம். ஆனா மாமிக்கு மூட்டுவலி கூடிப்போச்சு. இந்த நிலைமைல விட்டுட்டு வர எனக்கு மனசில்ல. பிள்ளைக்கும் இங்கன பள்ளிக்கூடம் நல்லாருக்கு. நான் வரல. நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதிய.”

குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. முந்தாநாள் பேசியது போல.

அருமைநாயகம் மகளைப் பார்க்கவில்லை. வென்றவன் எதிராளியை உடனே பார்க்கக் கூடாது. கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும். அவள் அங்கேயே பையைத் திறந்து, மூன்றாம் பக்கத்தை எடுத்து, அந்த வரியைச் சிவப்பால் அடித்தாள்.

“மன்னிச்சிருங்கப்பா. இத்தன வருசமா நான்தான் உங்கள…”

“விடு மக்களே. உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் அச்சகத்தில் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அவரும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றாள் இசக்கியம்மாள். “ஏ பக்கம் முப்பத்திநாலு அடுக்கு. சரியா?”

“சரி. முப்பத்திநாலு தடவ போயிட்டு வந்துருக்கு.”

“பி பக்கம் அம்பத்தொம்பது.”

ஸ்டோர் கீப்பருக்கு இருப்புக் கணக்கு இடித்தது. “அது எப்படி? பி பக்கம் நான் மட்டும்தானே பேசினேன்? முப்பத்திநாலுதான் இருக்கணும்.”

“உங்களது முப்பத்திநாலு இருக்கு. இருபத்தஞ்சு பொம்பளக் குரல்.”

*

மறுநாள் தனியாக வந்தார். மகளிடம் பென்ஷன் விஷயம் என்று சொல்லியிருந்தார்.

இசக்கியம்மாள் அவரை ஓர் அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டிக்கொள்ளக் கருவி கொடுத்தாள். “முதல்ல எதைப் போட?”

“பதினாறாவது தடவ போனது.”

பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் நகர்ந்தது. பிறகு லீலாபாய், மெதுவாக, ஆனால் அவசரமாக:

“அத்தான், மாமி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருக்காவ. அஞ்சு நிமிசம்தான் இருக்கு. அந்தப் பக்கம் நான் சொன்னத நம்பிராதிய. மாமி என் முழங்கைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தாவ. நான் வாரேன் அத்தான். நீங்க கொண்டாந்த நீலப் பெட்டில துணிகூட அடுக்கிட்டேன். ஆனா நானா ஆசப்பட்டுப் போனேன்னு இந்த வீட்ல ஒரு பேச்சு வரக்கூடாது. நீங்க இன்னொரு தடவ கூப்பிடுங்க. கண்டிப்பா வந்தாகணும்னு ஒரு அதட்டுப் போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். போன தடவ மாதிரியே முழுசும் பேசி இத மூடிருங்க, என்ன? அதுல நீங்க கெட்டிக்காரரு.”

அவர் கருவியைக் கழற்றவில்லை. “இதுக்கு மேல நான் பேசினது எங்க?” என்று கேட்டார்.

இசக்கியம்மாள் அதைப் போட்டாள். முப்பத்தைந்து வயது அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அன்புள்ள லீலா, நீ சொன்னத கேட்டேன். அம்மாவப் பாத்துக்கிடணும்னு நீ நினைக்கது நல்லதுதான். உன் இஷ்டம்போல இரி. கட்டாயப்படுத்துற ஆளு நான் இல்ல. இங்க இப்போ வெங்காயம்…”

கட்டாயப்படுத்துகிற ஆள் நான் இல்லை. நாற்பத்துநான்கு வருஷமாக அவர் தன்னைப் பற்றி நல்லதாக வைத்திருந்த வாக்கியம் அது. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம்கூட.

“நீங்க பி பக்கத்த ஒரு தடவகூடக் கேட்டதில்லையா சார்?”

“என் குரல்தானே இருக்கும்னு நினைச்சேன். நம்ம குரலே டேப்புல கேக்க எனக்குப் பிடிக்காது. மூக்கால பேசுத மாதிரி இருக்கும்.”

இசக்கியம்மாள் அடுத்த அடுக்கைத் தயார் செய்தாள். இந்தத் தொழிலில் அதற்குள் அவள் நிறையப் பார்த்திருந்தாள். கல்யாண மண்டபத்து மேனேஜரைப் போல, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்றாள், எதற்குள்ளும் வரவில்லை.

அவர் வரிசையாகக் கேட்டார். பதினேழில் அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். “உன் இஷ்டம்னு சொல்லிட்டிய. சரி. என் இஷ்டத்த எப்பக் கேட்டிய?” பதினெட்டில் ஒன்றரை நிமிஷம் மௌனம், பிறகு குக்கர். தொண்ணூறாம் வருஷம் லீவில் வந்தபோது கட்டிலுக்கடியில் நீலப் பெட்டி துணியோடு இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு துணியையும் ஏன் பெட்டியிலேயே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். பூச்சி அரிக்காமல் இருக்க என்றாள். நல்ல யோசனை என்று பாராட்டினார். நாற்பத்தைந்து நாள் லீவு முழுவதும் அவள் அவர் முகத்தை இரண்டு மூன்று தடவை உற்றுப் பார்த்தாள். தான் சிவந்து போயிருப்பதைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்திரண்டாவது வேறு மாதிரி இருந்தது. அதில் அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அத்தான், போன தடவ பெனிட்டா மாமரத்துல இருந்து விழுந்து கை ஒடிஞ்சுட்டுன்னு இதுல சொன்னேம்லா? பொய். சும்மா சொன்னேன். எந்த அப்பனும் பதறிருவான். நீங்க என்னடான்னா அவ கயிறு தாண்டுதாளா, ஓட்டப்பந்தயத்துல சேந்தாளான்னு கேட்டிருக்கிய. அப்பதான் எனக்கு வெளங்குச்சு. நீங்க இந்தப் பக்கத்தக் கேட்டதே இல்ல. ஒரு நாளும் இல்ல.”

குக்கர் மூன்று தடவை கூவி அடங்கும்வரை காத்திருந்தாள்.

“ரெண்டு வருசமா உங்க மேல வச்சிருந்த கோவத்த இப்ப எங்க கொண்டு போயி வைக்கதுன்னு தெரியல. நீலப் பெட்டில இருந்த துணிய எடுத்துப் பீரோல வச்சிட்டேன். உங்ககிட்ட சொல்லிரலாம்னுதான் முதல்ல நினைச்சேன். சொன்னா நீங்க திருப்பிப் போட்டுக் கேக்க ஆரம்பிச்சிருவிய. அப்புறம் நான் எங்க போயிப் பேசுவேன்? இந்த வீட்ல தாழ்ப்பாள் போட ஒரு அறை கிடையாது. இது ஒண்ணுதான். நான் வந்து மனசுல உள்ளதக் கொட்டுவேன், பின்னாலயே நீங்க வந்து தூத்துப் பெருக்கிட்டுப் போயிருவிய. ஒரு துரும்பு மிஞ்சாது. இந்த வசதி வேற எந்தப் பொம்பளைக்குக் கிடைச்சிருக்கு? அதனால சொல்லப் போறதில்ல. இனிமே இங்க நான் என்ன வேணும்னாலும் பேசுவேன். முதல்ல உங்க அம்மையப் பத்தி…”

“நிறுத்தும்மா” என்றார் அருமைநாயகம்.

இசக்கியம்மாள் நிறுத்தினாள். “இன்னும் பன்னெண்டு அடுக்கு இருக்கு சார். அதெல்லாம் நீளம். ஒரு மணி நேரத்துக்கு மேல வரும். குரல் நல்லா வந்திருக்கு. ஒண்ணுல பாட்டு வேற பாடுதாங்க.”

பாட்டு. கல்யாணத்துக்குப் பிறகு லீலாபாய் பாடி அவர் கேட்டதில்லை. கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து பாடுவாள், அது வேறு.

*

படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். பேசியவர் பெயர். அழித்தவர் பெயர். உறவு. அழித்ததற்கான காரணம். கடைசியாக ஒரு கேள்வி: இப்பதிவு அழிக்கப்படும் என்பது பேசியவருக்குத் தெரிந்திருந்ததா? ஆம், இல்லை.

“இதுல ‘ஆம்’னா என்ன?”

“தெரிஞ்சேதான் பேசியிருக்காங்கன்னா, அழியணும்னே பேசினதாச் சட்டம் எடுத்துக்கும். நகல் தரமுடியாது. நாங்களும் கம்ப்யூட்டர்ல இருந்து நீக்கிட்டு, நாடால அந்த அடுக்குக்கு மட்டும் சூடு காட்டிருவோம். அப்புறம் எந்த மிஷினும் வாசிக்காது. ‘இல்லை’ன்னா நீங்க சிடி கொண்டு போகலாம்.” அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “இந்தக் கடைக்கு வந்த ஒரு ஆளும் இதுவரைக்கும் ‘ஆம்’ போட்டதில்ல சார். யாரும் வந்து விசாரிக்கப் போறதும் இல்ல. எல்லாருக்கும் குரல் வேணும்.”

அவருக்கும் வேண்டும். ஒரு வருஷமாக அந்த வீட்டில் ஃபேன் சத்தமும் ஃபிரிட்ஜ் சத்தமும்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் இதுவரை கேட்காத லீலாபாய், பாட்டோடு, ஒரு டிக் தூரத்தில் இருந்தாள். திட்டுவாள்தான். திட்டினால் என்ன? திட்டுவதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது.

போனை எடுத்தார். “பெனிட்டா, அச்சுக்குக் குடுத்துட்டியா?”

“நாளைக்குக் காலைலதான்ப்பா. ஏன்?”

“நீ அடிச்சியே, அந்த வரி. அது இருக்கட்டும்.”

“எதுக்கு? அம்மாவே சொல்லிட்டாங்களே, வரலன்னு.”

“ஒரு சிடி கொண்டாரேன். கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு. என்னைய வந்து எதுவும் கேக்காத.”

“வீட்ல சிடி போட என்ன இருக்கு?”

“மிஷினும் கொண்டாரேன். இங்க வாடகைக்குத் தாராவ.”

பதினாறாம் அடுக்குக்கான படிவத்தை முதலில் எழுதினார். பேசியவர்: லீலாபாய். அழித்தவர்: அருமைநாயகம். உறவு: கணவன். அழித்ததற்கான காரணம் என்ற இடத்தில், ‘மறுபக்கம் என்னுடையது என்று நினைத்தேன்’ என்று எழுதினார். கடைசிக் கேள்விக்கு, இல்லை; கேட்ட பிறகு மூடச் சொன்னாளே தவிர, கேளாமலே அழியும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நகல் பெறுபவர், மகள்.

இருபத்தொன்றுவரை எல்லாவற்றையும் அப்படியே மகளுக்கு எழுதலாம்தான், ஆனால் அவையெல்லாம் அவருக்குச் சொன்னவை. அவற்றைத் தனக்கு என்று எழுதிக்கொண்டார். ஒன்பது முறை போய்வந்த பிறகு அவள் அதில் பேச ஆரம்பித்தது முதல், கை ஒடிந்த பொய்வரை. பதினாறையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு.

மீதிப் பதின்மூன்று படிவங்களிலும் ‘ஆம்’ என்பதில் டிக் செய்தார். எழுபத்தொன்பது வயதுக் கைக்குப் பதின்மூன்று கையெழுத்து ஜாஸ்தி. கடைசியில் இரண்டு கோணலாக விழுந்தன.

இசக்கியம்மாள் தாள்களைப் புரட்டினாள். “சார், அந்தப் பாட்டு ஒண்ணாவது கேட்டுட்டுப் போங்களேன். மூணு நிமிஷம். கடைக்குள்ள கேக்கதுக்குச் சட்டம் தடுக்கல.”

“சட்டம் தடுக்கலம்மா” என்றார். பிறகு, “அவ கதவச் சாத்திட்டுல்லா பாடியிருக்கா” என்றார்.

அவள் உள்ளே போனாள். சூடு காட்டும் கருவி கொஞ்ச நேரம் ரீங்கரித்தது. ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பேசியதைவிடக் குறைந்த நேரம்தான்.

இரண்டு சிடியையும் தனித்தனி வெள்ளைக் காகித உறைகளில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் மகளுக்கானதை உறையிலிருந்து உருவி, எழுத்து இருந்த பக்கத்தைப் பார்த்தார். தேதி, பெயர், அடுக்கு பதினாறு. பிறகு திருப்பினார்.

“சிடிக்கு ஒரு பக்கம்தான் சார்” என்றாள் இசக்கியம்மாள். “பின்னால ஒண்ணும் இருக்காது.”

“தெரியும்” என்றார்.

ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவரை, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் போட்டார்.